வியாபாரம் என்ற போர்வை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தீவிரவாதக் குழுக்களுக்கு வியாபாரத்தின் வழியே பணம் போகிறது என்பது பொய்யல்ல. ஆனால் அது எப்படிப் போகிறது என்பது பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பாதி தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அப்பாவிகள்.

நம்பிக்கை: போர்வையாக நடத்தும் தொழிலில் உண்மையான வியாபாரமே இருக்காது.

உண்மை: இருக்கும். 1990களின் பின்பாதியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கும்பல் சிகரெட்டை மொத்தமாக வாங்கி, வேனில் ஏற்றி, மிச்சிகனில் விற்றது. அங்கே அப்போது பாக்கெட்டுக்கு வரி 75 சென்ட். வட கரோலினாவிலோ வெறும் 5 சென்ட். பத்துப் பாக்கெட் கொண்ட ஒரு பெட்டிக்கு வரியில் மட்டும் 7 டாலர் வித்தியாசம். சரக்கும் அசல், வாடிக்கையாளரும் அசல்; ஏமாற்றியது வரியில். லாபத்தில் ஒரு பகுதி லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்புக்குப் போனது. 2002இல் கும்பலின் தலைவரைக் குற்றவாளி என்று ஜூரி அறிவித்தது.

நம்பிக்கை: இதெல்லாம் சின்னக் கடைக்காரர்களின் வேலை, பெரிய நிறுவனங்கள் சுத்தம்.

உண்மை: பிரான்சின் சிமென்ட் நிறுவனமான லஃபார்ஜ், வட சிரியாவில் தன் ஜலாபியா ஆலையை ஓட்டுவதற்காக 2013, 2014 ஆண்டுகளில் ஐஎஸ், அல் நுஸ்ரா என்ற தீவிரவாத அமைப்புகளுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் கொடுத்தது. விற்கும் சிமென்டின் அளவுக்கு ஏற்ப ஐஎஸ்ஸுக்குப் பங்கு என்று ஒப்பந்தமே போட்டார்கள். அந்தத் தாள்களில் நிறுவனத்தின் பெயர் வராமலும் பார்த்துக்கொண்டார்கள். 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம், சுமார் 77.8 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

நம்பிக்கை: தீவிரவாதிகளின் பணம் வங்கிக்கு வெளியே கைமாறும் ஹவாலாவில்தான் ஓடும், வங்கி பாதுகாப்பானது.

உண்மை: 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி நடத்திய தாக்குதலுக்கு ஆன செலவு 4 முதல் 5 லட்சம் டாலர் என்று விசாரணை ஆணையம் கணக்கிட்டது. விமானங்களைக் கடத்தியவர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே அமெரிக்க வங்கிகளில் கணக்கு வைத்திருந்தார்கள்.

நம்பிக்கை: சந்தேகம் வந்தால் உடனே மூடிவிடலாம், தவறென்றால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

உண்மை: 2001 நவம்பர் 7 அன்று, சோமாலியாவின் மிகப் பெரிய பணப் பரிமாற்ற நிறுவனமான அல் பரகாத்தை அமெரிக்கா முடக்கியது. 1991இல் அரசு சரிந்த அந்த நாட்டில் அப்போது ஒழுங்கான வங்கியே இல்லை. வெளிநாட்டில் டாக்சி ஓட்டியும் துப்புரவு வேலை செய்தும் பிள்ளைகள் அனுப்பிய பணம்தான் ஊரில் அடுப்பை எரியவைத்தது. நிறுவனத்தின் கணக்குகளை எஃப்பிஐ அதிகாரிகள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கே போய்ப் புரட்டினார்கள்; தீவிரவாதத் தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மறு ஆண்டே முடக்கப்பட்டவர்களின் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டன. 2008இல் இது தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும், காரணம் சொல்லாமல், தற்காப்புக்கு வாய்ப்புத் தராமல் சொத்தை முடக்குவது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் தொழில் அழிந்துவிட்டது.

குற்றத்தைக் காட்டிக்கொடுப்பவை வரிக் கணக்கு, சரக்குச் சீட்டு, ஒப்பந்தத் தாள் போன்றவைதான். கடைக்காரரின் மதமோ தாடியோ பெயரோ எதையும் நிரூபிக்காது. "அந்தக் கடைப் பணம் எங்கே போகுது தெரியுமா?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.