மாத்திரை மாற்றிய பிறகு கறை படுகிறதே?

கேள்வி: எனக்கு 29 வயது. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வருடமாக, சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா கொடுத்த மாலா-என் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன். குமட்டல் தாங்கவில்லை என்று பெங்களூரில் ஒரு டாக்டரிடம் சொன்னேன். டோஸ் கம்மியான மாத்திரைக்கு மாற்றினார். இப்போது இரண்டாவது அட்டை. பீரியட்ஸ் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி கறை படுகிறது. ஒரு நாள் பழுப்பு, ஒரு நாள் சிவப்பு. விடிவதற்குள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள் நான். சீட்டில் உட்காரவே பயமாக இருக்கிறது. ‘நிறுத்திவிடு, கர்ப்பப்பை கெட்டுவிடும்’ என்கிறார் மாமியார். நிறுத்திவிடட்டுமா? இரண்டு இரண்டாகப் போட்டால் நிற்குமா?
– வாசகி, ஆண்டர்சன்பேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். நடுவில் நிறுத்தினால் ரத்தப்போக்கு கூடும், கரு தங்கவும் வழி உண்டு. இரண்டிரண்டாகப் போட்டால் எந்தக் குமட்டலுக்காக மாற்றினீர்களோ அதுவே திரும்பி வரும்.

மாலா-என்னில் ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம். டோஸ் குறைந்த மாத்திரைகளில் பெரும்பாலும் 20. கர்ப்பப்பையின் உள்படலம் உதிராமல் பிடித்து வைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அந்தப் பிடி தளர்ந்ததும் மெலிந்த படலம் அங்கங்கே கசிகிறது. மூன்று அட்டை முடிவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நாள் தவறாமல் போடுகிறீர்கள் என்றால், கறை படுவதால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று ஆகாது. கர்ப்பப்பையும் கெடாது, மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஆனால் நாள் தவறாமல் போடுகிறீர்களா? எனக்குச் சந்தேகம் அங்கேதான். மாலா-என் அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அட்டை முடிந்ததும் மறுநாளே அடுத்தது. கணக்குப் பார்க்கிற வேலை இல்லை. புது அட்டையில் 21 மட்டும் இருந்தால் ஏழு நாள் இடைவெளி விட்டு, எட்டாம் நாள் தொடங்க வேண்டும், ரத்தம் நின்றாலும் நிற்காவிட்டாலும். பழைய பழக்கத்தில் இடைவெளியே விடாமல் தொடங்கினால் கறை படலாம், பெரிய ஆபத்தில்லை. ஏழு நாளைத் தாண்டவிட்டால்தான் ஆபத்து, கரு தங்கக்கூடும். இதை எழுதிக் கொடுக்காமலே அட்டையை மாற்றிவிடுகிறோம். இந்தத் தப்பு டாக்டர்கள் எங்களுடையது.

நேரமும் முக்கியம். ரயிலுக்கு ஓடும் காலையில் வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், குமட்டலும் குறையும். ஒன்று தவறினால் ஞாபகம் வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை அதன் நேரத்திலேயே போடலாம். இரண்டு, அதற்கு மேல் தவறினால், கடைசியாக விட்டதை மட்டும் போட்டு அட்டையைத் தொடருங்கள். ஏழு நாள் ஆணுறை அவசியம். இப்படி ஏதாவது தவறியிருந்தால் சிறுநீர்ச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

ஆண்டர்சன்பேட்டை என்கிறீர்கள், தங்கவயல்காரரிடம் இன்னொன்றும் கேட்டாக வேண்டும். தங்கச் சுரங்கம் 2001-இல் மூடியாயிற்று, ஆனால் பாறைத்தூசி தின்ற நுரையீரலும் அதில் எளிதாகப் பற்றும் டிபியும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வீட்டில் ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டு, டிபி மருந்து நீங்களே சாப்பிடுகிறீர்களா? அதிலுள்ள ரிஃபாம்பிசின் கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். சில வலிப்பு மருந்துகளும் அப்படியே. அப்படியானால் கறையைவிடப் பெரிய கவலை கர்ப்பம்தான். வேறு முறைக்கு மாற வேண்டும்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரம் நீடித்தால், அடிவயிறு கடுமையாக வலித்தால், காய்ச்சல் இருந்தால் காத்திருக்காதீர்கள். உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் பரிசோதனை தேவை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்த் தலைவலி, பார்வை மங்கல்: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு.

மூன்று அட்டை தாண்டியும் கறை நிற்கவில்லையா? மறுபடி 30-க்கே போகலாம். அல்லது அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் ‘சாயா’ மாத்திரை இருக்கிறது. லக்னோவில் நம் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பீரியட்ஸ் தள்ளிப்போகலாம், அதற்குப் பயப்படக் கூடாது. ‘அந்தரா’ என்ற கர்ப்பத்தடை ஊசி உங்களுக்கு வேண்டாம் என்பேன். அதில் கறை இன்னும் கூடுதல்.

டாக்டரைப் பார்க்கும்போது பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். ‘வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.