புல்தரையில் பழுப்பு வட்டமா?

ஓசூர் சிப்காட்டில் வேலை, லோன் போட்டுக் கட்டிய வீடு, வாசலில் ஆசையாய் வளர்த்த புல்தரை. பெங்களூர்க் குளிர் இங்கேயும் எட்டிப் பார்ப்பதால் புல் நன்றாகவே வருகிறது. ஆனால், நடுநடுவே பழுப்பு வட்டங்கள்! 'பூச்சி விழுந்துடுச்சோ?' என்று மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வட்டத்தின் ஓரம் மட்டும் கரும்பச்சையாய்த் தழைத்திருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது உங்கள் செல்ல நாயின் கைவரிசைதான்!

நாயின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. வயலுக்குப் போடுகிற அதே யூரியா. அளவாக விழுந்தால் உரம். ஒரே இடத்தில் கொட்டினால் கருக்கிவிடும். பெண் நாய் உட்கார்ந்து ஓரிடத்திலேயே போவதால் சேதம் அதிகம். ஆண் நாய் சுவரையும் ஸ்கூட்டர் சக்கரத்தையும் தேடிப் போய்விடும்.

என்ன செய்யலாம்?

* நாய் போன உடனே அங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் ஊற்றிப் பிரயோஜனமில்லை.

* கருகிய இடத்தில் உரம் வேண்டாம். சுண்ணாம்பும் உதவாது.

* காய்ந்த புல்லைச் சுரண்டி, மண்ணை நன்றாக அலசி, அருகம்புல் தண்டை ஊன்றுங்கள். படர்ந்து மூடிவிடும்.

* ஒரு மூலையில் மணல் பரப்பி, தினமும் அங்கேயே அழைத்துப் போய்ப் பழக்குங்கள்.

* 'சோடா உப்பு கலந்து குடுங்க' என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கேட்காதீர்கள், நாயின் உடம்புதான் கெடும். குடிக்கத் தண்ணீர் மட்டும் தாராளமாக வையுங்கள்.

புல் போனால் முளைக்கும். குழந்தைகள்?

எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரலாம். 1886-ல் ஜெர்மன் டாக்டர் அடால்ஃப் வைல் விவரித்த நோய் இது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் நாய்கூட கிருமியை வெளியேற்றும். ஈர மண்ணில் அது உயிரோடிருந்து, காலில் உள்ள சிறு வெட்டு வழியாக உள்ளே நுழைந்துவிடும். எனவே ஈரப் புல்லில் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விளையாட விடாதீர்கள். நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள். எலி வராமலிருக்க, சாப்பாட்டுத் தட்டை இரவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், 'வீட்டில் நாய் இருக்கு டாக்டர்' என்று மறக்காமல் சொல்லுங்கள். கண் மஞ்சளானால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகக்கூடிய நோய்தான் இது.