நர்சிங் உதவியாளர் பயிற்சி: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ஒரு வகை தவறாமல் இருக்கும். "மகளை நர்சிங் சேர்த்துவிட்டோம், ஃபீஸுக்கு உதவுங்கள்" என்பார்கள். ரசீதை வாங்கிப் பார்த்தால் பல சமயம் அது நர்சிங் படிப்பாக இருக்காது. நர்சிங் உதவியாளர் பயிற்சியாக இருக்கும். அதற்குள் அந்த வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

உதவியாளர் வேலை மட்டமானதல்ல. படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, உணவு ஊட்டுவது, காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பது, சிறுநீர்ப் பையை அளந்து காலி செய்வது, மருத்துவக் கழிவை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவது என்று நோயாளியின் பக்கத்திலேயே இருக்கும் வேலை அது. அகழ் யுத்தத்தில் காயம்பட்ட சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் வழியில் வரும் சேவை.

ஆனால் உதவியாளர் நர்ஸ் அல்லர். ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இவற்றில் ஒன்றை முடித்தவர்தாம் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். ஆறு மாதம், ஓராண்டு 'டிப்ளமா' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் அந்தப் பதிவு கிடைக்காது. வளைகுடாவில் நர்ஸ் வேலைக்கும் அது உதவாது. ஊசி போடு, டிரிப் ஏற்று என்று சிறிய மருத்துவமனைகள் சொன்னாலும் உதவியாளர் செய்யக் கூடாது. தவறு நேர்ந்தால் மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளைதான்.

ஆகவே பிளஸ் டூவில் உயிரியல் படித்துத் தேறிய மகளை உதவியாளர் பயிற்சிக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். அரசு நர்சிங் பள்ளிகளின் டிப்ளமாவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே செலவு மிகக் குறைவு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி, மாப்பிள்ளை, ஷேக், சையது, அன்சார், தூதேகுலா ஆகிய ஏழு பிரிவினருக்கு அது பொருந்தும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடும் வீடுகள் இன்னும் உண்டு. இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வைக்கலாம். பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. சில அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன்னில் நர்சிங் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. நம்மில் பலர் அதை விசாரிப்பதே இல்லை.

மேலே படிக்க வாய்ப்பில்லை, சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு உதவியாளர் பயிற்சி ஏற்றதுதான். அதை இலவசமாகப் பெற வழி இருக்கிறது. கிராமப்புறக் குடும்பமாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்திலோ உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ தீன் தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் பற்றிக் கேளுங்கள். வயது வரம்பு பொதுவாக 15 முதல் 35. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. தங்கிப் படிக்கும் மையத்தில் உணவும் விடுதியும் சேர்ந்தே கிடைக்கும். வேலையில் சேர்த்துவிடும் பொறுப்பும் பயிற்சி மையத்துக்கு உண்டு. நகரத்தில் இருப்பவர்கள் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சி மையங்களையும் பிரதமர் கௌசல் விகாஸ் திட்ட மையங்களையும் விசாரிக்கலாம். அங்கே இந்தப் படிப்புக்கு 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் அலுவலர்களுக்குச் சட்டென்று புரியும். ஆண்டு முழுவதும் சேர்க்கை இருக்காது. இடம் இல்லை என்றால் அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

தனியார் நிறுவனம்தான் அருகில் இருக்கிறது என்றால் பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். சான்றிதழ் கொடுப்பது யார்? எந்த மருத்துவமனையில், எத்தனை நாள் வார்டு பயிற்சி? கட்டிலும் பொம்மையும் உள்ள பயிற்சி அறை இருக்கிறதா? பாதியில் விலகினால் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும் கேட்ட ஒரு நிறுவனத்திடம் சென்ற ஆண்டு நம் ஜமாஅத் பெரியவர்களே போய்ப் பேச வேண்டியதாயிற்று. முன்பு படித்து முடித்த இரண்டு பேரைச் சந்தித்து, இப்போது எங்கே, என்ன சம்பளம் என்று கேட்பது எந்த விளம்பரத்தையும் விடப் பயன் தரும்.

ஹிஜாப், இரவுப் பணி, ஆண் நோயாளிகள் பற்றித் தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். தலைமுக்காட்டை அனுமதிக்கும் மருத்துவமனைகள் நிறைய உண்டு. ஆனால் கை கழுவுவதற்காகச் சட்டைக் கையை முழங்கை வரை மடிக்கச் சொல்வார்கள். இரவுப் பணி பெரும்பாலும் முறை வைத்து வரும். பிரசவ வார்டு, முதியோர் பராமரிப்பு, பெண் நோயாளிகளை வீட்டில் கவனித்தல் என்று தேர்ந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. சேர்ந்த பிறகு சங்கடப்படுவதை விட, பயிற்சிக்கு முன்பே மருத்துவமனையில் கேட்டுக்கொள்வதும் மார்க்க ஐயங்களை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் தெளிவுபடுத்திக்கொள்வதும் நல்லது. மகன்களுக்கும் இந்த வேலை உண்டு. நோயாளியைத் தூக்கி மாற்ற ஆண் உதவியாளர்களைத் தேடும் மருத்துவமனைகள் பல.

பயிற்சி இலவசமானாலும் பஸ் செலவு, சீருடை, சில மாத வீட்டுச் செலவு இடிக்கும். அதற்காக வட்டிக் கடன் வாங்க வேண்டாம். கணவரை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்துக்கு மனுக் கொடுக்கலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு நம் அறக்கட்டளையும் உதவும், இன்ஷா அல்லாஹ். கட்டணம் என்றால் நிறுவனத்தின் பெயருக்கே காசோலையாகத் தருவோம். கையில் பணமாகத் தருவதில்லை.

மனுவுடன் மதிப்பெண் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, சாதி, வருமானச் சான்றிதழ்களின் நகல்கள், மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். எந்த நிறுவனத்திலும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாருங்கள். மகளையும் உடன் அழைத்து வாருங்கள். அவளுக்கு இந்த வேலையில் விருப்பம் இருக்கிறதா என்று அவளிடமே கேட்போம்.