அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம்: ஜெயிக்கச் சில வழிகள்



போன தடவை இந்தச் சுவரில் சதுரங்கம் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்தத் தடவை நம்ம ஊரில் யாரும் விளையாடாத ஒரு விளையாட்டு. அமெரிக்கக் கால்பந்து. அதுவும் மைதானத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். எங்க பெரியம்மா மகன் அண்ணன் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். அங்கே சனிக்கிழமை ராத்திரி, இங்கே ஞாயிறு காலை. அண்ணன் வீடியோ காலில் திரையைக் காட்டுவார். பட்டன் அழுத்துவது அவர், என்ன ஆட்டம் என்று சொல்வது நான்.

முதலில் ஆட்டம் என்னவென்று பார்ப்போம். பெயர்தான் கால்பந்து, கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம். (துணிக்கடையில் சொல்வார்களே, அதே கெஜம்தான். 3 அடி.) பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் பெயர் டவுன். அந்த நாலுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. ஒவ்வொரு டவுனுக்கும் முன்னால் எல்லாரும் அப்படியே நிற்பார்கள். பந்தைப் பிடித்து ஆட்டத்தை நடத்துகிறவர் க்வார்ட்டர்பேக். கபடியில் ரெய்டு போகிறவர் கோட்டிலே நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பாரே, அந்த நேரம் மாதிரி. என் வேலை முழுக்க அந்த நேரத்தில்தான்.

இந்த கேமுக்குப் பெயர் மேடன். ஜான் மேடன் என்பவரின் பெயர். 1958-இல் அவரை ஒரு பெரிய அணி எடுத்தது. பயிற்சி முகாமிலேயே முழங்கால் போய்விட்டது. ஒரு பந்தயம்கூட ஆடவில்லை. முழங்கால் ஆறும்வரை சும்மா இருக்காமல், அந்த அணியின் க்வார்ட்டர்பேக் நார்ம் வான் புரோக்ளின் பந்தயப் படங்களைப் போட்டுப் பார்க்கும்போது கூட உட்கார்ந்து பார்த்தாராம். 1969-இல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது வயது 32. 1977 ஜனவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார். பிறகு கம்ப்யூட்டர் கேமுக்குப் பெயர் கேட்டு வந்தவர்களிடம், பக்கத்துக்கு 11 பேர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் அத்தனை பேரை ஓட வைப்பது கஷ்டம். அதனால் வருஷக்கணக்கில் இழுத்து 1988-இல்தான் கேம் வந்தது. 2021-இல் அவர் காலமானார். எனக்கு மூச்சிரைப்பு உண்டு என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். அதனாலோ என்னவோ, இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பந்து நகரும் முன் எதிரணியின் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே நிற்கிறவர்களுக்கு ஸேஃப்டி என்று பெயர். ரெண்டு பேர் ரொம்பப் பின்னால் நின்றால் முன்னால் ஆள் குறைவு என்று அர்த்தம். பந்தைக் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். ஒருத்தர் மட்டும் பின்னால் நின்றால் இன்னொருத்தர் முன்னால் வந்துவிட்டார். ஓடுவது கஷ்டம், ஓரத்தில் எறிவது நல்லது. பின்னால் ஒருத்தருமே இல்லையென்றால்? எல்லாரும் பாயப் போகிறார்கள். அதற்கு பிளிட்ஸ் என்று பெயர். யோசிக்க நேரமிருக்காது. பந்து கைக்கு வந்ததும் பக்கத்திலே இருக்கிறவருக்குச் சின்னதாக எறிந்துவிட வேண்டும். எத்தனை கண்டிப்பான தற்காப்பு என்றாலும் ஆள் 11 தான். ஓரிடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் குறையும். இது வெறும் கழித்தல் கணக்கு.

சில புத்திசாலி எதிரிகள் பின்னால் நிற்பதுபோல் பாவலா காட்டுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் இருக்கு. நம் ஆளில் ஒருத்தரை ஆட்டம் தொடங்கும் முன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்க விடலாம், விதி அனுமதிக்கிறது. எதிரி ஒருத்தர் கூடவே வால் பிடித்த மாதிரி வந்தால், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். யாரும் வராமல் கொஞ்சம் நகர்ந்து நின்றால் இடத்துக்குத்தான் காவல். ஆளுக்கு ஆள் என்றால் நம்ம ரெண்டு பேரைக் குறுக்கும் நெடுக்கும் ஓட விட்டால் காவல்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் முட்டிக்கொள்வார்கள். இடக் காவல் என்றால் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது, ரெண்டு காவலுக்கு நடுவில் இருக்கும் சந்தில் போய் நிற்க வேண்டும். பின்னால் மூன்று பேர் மைதானத்தை மூன்றாகப் பங்கு போட்டுக் காத்தால், நாலு பேரை நேராக ஓட விடுங்கள். மூன்று பேர் நாலு பேரை எப்படிப் பிடிப்பார்கள்?

எறியும்போது பட்டனைத் தட்டினால் பந்து மேலே எழும்பி மெதுவாகப் போகும். அழுத்திப் பிடித்தால் அம்பு மாதிரி போகும். நடுவில் எதிரி இருந்தால் தட்டு, பக்கத்தில் இருந்தால் அழுத்து. ஓடும்போது வேகப் பட்டனை ஆரம்பத்திலேயே அழுத்தக் கூடாது. நம் முரட்டு ஆட்கள் முன்னால் வழி செய்கிறவரை பின்னால் பொறுமையாக வரணும். வழி தெரிந்தபிறகு ஒரே ஓட்டம். எங்க அண்ணனுக்கு இந்தப் பொறுமை இன்னும் வரவில்லை, எத்தனை தடவை சொன்னாலும்!

ஆன்லைனில் எதிரே இருப்பது கம்ப்யூட்டர் இல்லை, மனுஷன். மனுஷனுக்குப் பழக்கம் உண்டு. நிறைய பேர் பிடித்த மூணு நாலு ஆட்டத்தையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். நான் ஒரு ரஃப் நோட்டில் எழுதி வைப்பேன். மூணாவது டவுனில் என்ன செய்தான், ஜெயிக்கும்போது என்ன, தோற்கும்போது என்ன. பாதி ஆட்டம் முடியும்போது நோட்டே பதில் சொல்லிவிடும். தற்காப்பில், முன்னால் பாய்கிற ஆளை நாம் ஓட்டுவதைவிட நடுவில் நிற்கிற ஆளை ஓட்டுவது மேல். பாய்வதைக் கம்ப்யூட்டரே நன்றாகச் செய்யும்.

கடிகாரத்தையும் ஒரு ஆட்டக்காரராக நினைக்கணும். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும். மைதானத்துக்குள்ளேயே பிடிபட்டு விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாதிக்கு ஒவ்வொரு அணிக்கும் 3 டைம் அவுட். முன்னிலையில் இருந்தால் ஓடி நேரத்தைக் கரைக்கலாம். பின்தங்கினால் டைம் அவுட்டைக் கடைசிவரை காசு மாதிரி சேர்த்து வைக்கணும்.

தீபாவளி லீவில் நடந்த ஒன்று. அண்ணனும் ஆபீஸ்காரர்களும் வைத்த போட்டியில் கடைசி ஆட்டம். நாங்கள் 4 புள்ளி பின்னால். அதனால் ஃபீல்டு கோல் பிரயோசனமில்லை. 50 விநாடி, ஒரு டைம் அவுட், கோட்டுக்கு 24 கெஜம். மூணாவது டவுன், 4 கெஜம் வேணும். அண்ணன் நீளமாக எறியப் போறேன் என்றார். நான் பின்னால் பார்த்தேன். ரெண்டு பேர் கோட்டுக்கிட்டே போய் நிற்கிறார்கள், நடுவிலே காலி. "ஓடுங்கண்ணே, டைம் அவுட் இருக்குல்ல" என்றேன். வீடியோ காலில் படம் தாமதமாக வருவதால் ஆட்டம் தொடங்கினால் நான் பேச முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். 13 கெஜம்! உடனே டைம் அவுட். எதிராளிக்குக் கோபமோ பயமோ, அடுத்ததில் எல்லாரையும் முன்னால் கொண்டுவந்தார். பின்னால் ஒரு காக்கா குருவி இல்லை. இடதுபக்கம் சின்ன எறி, டச்டவுன். அந்த ஆபீஸ்காரர் "யார் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டாராம். "என் தங்கச்சி, ஒன்பதாவது படிக்கிறா" என்றாராம் அண்ணன். பொண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா என்று சிரித்திருக்கிறார். கேட்டி சோவர்ஸ் என்ற பெண் 2020-இல் சூப்பர் பவுல் ஆடிய அணியில் பயிற்சியாளர். 2021 சூப்பர் பவுலில் சாரா தாமஸ் என்ற பெண் நடுவர்களில் ஒருவர். ரெண்டையும் சொல்லச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த கேமில் ஆட்டக்காரர் அட்டைகளைப் பொட்டலமாக விற்பார்கள். உள்ளே யார் என்று முன்னாடி தெரியாது. திருவிழாக் கடையில் சீட்டுக் கிழிப்போமே, அதேதான். இப்படிப்பட்ட பொட்டலங்கள் சூதாட்டம் என்று 2018-இல் பெல்ஜியம் நாட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா போனில் பணம் கட்டும் வசதி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அட்டை இல்லாமலும் பின்வரிசையை எண்ணலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. பந்து இருக்கும் இடத்திலிருந்து கோட்டுக்கு 30 கெஜம் என்றால் ஃபீல்டு கோல் 30 இல்லை. கம்பம் கோட்டுக்கு 10 கெஜம் பின்னால் நிற்கிறது. உதைப்பவர் பந்துக்குச் சுமார் 7 கெஜம் பின்னாலிருந்து உதைப்பார். ஆக 47.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: நாலாவது டவுன், 1 கெஜம் வேணும். கோட்டுக்கு 38 கெஜம். 2 புள்ளி பின்னால், 20 விநாடி, டைம் அவுட் இல்லை. உங்கள் ஆள் 50 கெஜம் வரைதான் உதைப்பார். எதிரணியில் ஸேஃப்டி ஒருவர் மட்டும் பின்னால். என்ன ஆட்டம் சொல்வீர்கள்? காரணத்தோடு எழுதி, பெயர், வகுப்புடன் தமிழய்யா மேசையில் உள்ள பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். நல்ல விடை அடுத்த தாளில் வரும்.