முழுத்தானியமும் நார்ச்சத்தும்

கோதுமை மாவைச் சலிக்கும்போது சல்லடையில் தங்கும் தவிடு பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்குச் செல்கிறது. மாட்டிற்கு அது நல்ல தீவனமே. ஆயினும் மனிதனுக்கு அதனால் பயனில்லை எனக் கருதுவது பிழையாகும். இப்பிழை விஞ்ஞானிகளிடத்தும் நெடுங்காலம் நிலவியது. மனிதக் குடலில் சுரக்கும் நொதிகளால் கரைக்கவியலாத நார்ச்சத்து வெறும் சக்கை என்றே எண்ணப்பட்டு வந்தது.

தானிய மணியின் நடுவே மாவுப்பகுதியும், ஓரத்தில் முளையும், இவற்றைச் சுற்றித் தவிட்டுப் படலங்களும் உள்ளன. நார்ச்சத்தின் பெரும்பங்கு தவிட்டில் அடங்கியுள்ளது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். மைதாவிலோ 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம், சோளத்தில் 10 கிராம் உண்டு. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை.

பழைய அட்டவணைகளைக் கையாளும் ஆசிரியர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவற்றில் கேழ்வரகின் நார் 3.6 கிராம் என்றே காணப்படும். தானியம் மாறவில்லை, அளக்கும் முறையே மாறியது. முற்காலத்தில் உணவை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து, எஞ்சியதை மட்டும் நார் என்று கணக்கிட்டனர். அக்கொதிப்பில் நார்ச்சத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுதல் கூடாது.

நார்ச்சத்து ஒரே பொருளன்று. கோதுமைத் தவிட்டிலுள்ளது பெரும்பாலும் நீரில் கரையாதது. அது நீரை ஈர்த்து மலத்தின் பருமனைக் கூட்டி, மலச்சிக்கலைத் தவிர்க்கிறது. ஓட்ஸ், பார்லி ஆகியவற்றிலுள்ள பீட்டா குளுக்கான் நீரில் கரைந்து கூழ்போலாகிறது. அக்கூழ் பித்த உப்புகளைப் பற்றிக்கொண்டு வெளியேறுவதால், புதிய பித்த உப்புகளை ஆக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பினை எடுத்துக்கொள்ள நேர்கிறது. கொலஸ்டிரால் அளவு குறைகிறது. சர்க்கரை இரத்தத்தில் கலப்பதும் மெதுவாகிறது. ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி இசப்கோல் உமியைக் கலந்து சிறிது நேரம் வைத்துக் காட்டினால் மாணவர் இத்தன்மையை எளிதில் உணர்வர். இசப்கோல் தானியமன்று என்பதை அப்போதே சொல்லிவிடுதல் நலம். குடலின் நொதிகளுக்குத் தப்பிய நாரில் ஒரு பகுதி பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலமே பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முக்கிய எரிபொருள்.

உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், மேலைநாடுகளில் மலிந்திருந்த பல குடல் நோய்கள் அந்நாட்டுக் கிராமத்தாரிடம் அரிதாயிருப்பதைக் கண்டு, தீட்டாத உணவே அதற்குக் காரணம் என 1970-களில் வலியுறுத்தினார். அவர் கூறிய யாவும் நிலைபெறவில்லை. அக்கிராமத்தாரின் வாழ்க்கை உணவில் மட்டுமா வேறுபட்டிருந்தது? எனினும் அவர் எழுப்பிய வினா வீண்போகவில்லை. 2019-இல் வெளிவந்த ஒரு விரிவான தொகுப்பாய்வில், நார்ச்சத்தை மிகுதியாக உண்டவர்களிடம், மிகக் குறைவாக உண்டவர்களைவிட, இதயநோய், நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியன 15 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருந்தன.

வயதுவந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை இயற்கை உணவிலிருந்து பெறவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. சலிக்காத 200 கிராம் கோதுமை மாவு இதில் பெரும்பங்கைத் தரும். அதே எடையுள்ள தீட்டிய அரிசி 6 கிராமையும் எட்டாது. புழுங்கலரிசி இக்குறையைத் தீர்க்கும் என்பது பாதி உண்மையே. புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்னும் வைட்டமின் மணிக்குள் ஊடுருவுகிறது. நார் அவ்வாறு பெயர்வதில்லை.

களப்பணியாளர் அறிவுரை கூறுகையில் அவசரம் ஆகாது. வழக்கமில்லாதவர் திடீரென மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருகவேண்டும். குடல் அடைப்போ சுருக்கமோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் மாறுதல் செய்யலாகாது. சிறு குழந்தைகளின் இரைப்பை சிறிது. நார் மிகுந்த உணவு அதை விரைவில் நிரப்பிவிடுவதால், வேண்டிய கலோரி சேராமற்போகலாம். மேலும் தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர்வதைத் தடுக்கும். இரத்தச் சோகை மலிந்த நம் நாட்டில் இது சிறு விஷயமன்று. தானியத்தை ஊறவைத்தலும் முளைகட்டுதலும் மாவைப் புளிக்கவைத்தலும் இத்தடையைக் குறைக்கும். நம் சமையலறைகளில் இவை புதியனவும் அல்ல.

முழுத்தானியமாயினும் மிக நுண்ணிதாக அரைத்த மாவு விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளவர்க்குக் கேழ்வரகுக் கஞ்சியைவிடக் குருணையாக உடைத்த தானியம் ஏற்றது. பழுப்பு நிற ரொட்டி யாவும் முழுக்கோதுமை ரொட்டி அன்று. நிறமூட்டிய மைதாவும் அவ்வாறே தோன்றும். உறையில் முதலில் அச்சிட்டிருக்கும் பொருள் எதுவெனப் பார்த்து வாங்கவேண்டும். தவிட்டிலும் முளையிலுமுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கடிக்குமாதலால், கைக்குத்தல் அரிசியையும் முழுமாவையும் இரண்டொரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்கி, ஈரம்படாமல் மூடிவைத்தல் தகும்.