வானக் காற்றிலிருந்து மின்சாரம்

விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும்போது நிரையில் ஓர் இலைகூட அசையாதிருக்கலாம். அதே வேளையில் மேகங்கள் விரைந்து செல்வதைக் காணலாம். மரங்களும் குன்றுகளும் கட்டடங்களும் தரையோரக் காற்றைத் தடுத்து, அதன் வேகத்தைக் குறைக்கின்றன. உயரச் செல்லச் செல்ல அத்தடை குறைவதால் காற்று பொதுவாக வலுப்பெறுகின்றது.

இவ்வேறுபாடு சிறிதன்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆயினும், மிக உயர்ந்த கோபுரம் எழுப்ப இரும்பும் பணமும் ஏராளமாக வேண்டும். கோபுரத்திற்குப் பதிலாகக் கயிறு பயன்படுமா? காற்றுக்குக் குறுக்கே விரைந்து பறக்கும் பட்டம், ஒரே இடத்தில் நிற்கும் பட்டத்தைவிடப் பன்மடங்கு ஆற்றல் தரும் என்று 1980ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் மைல்ஸ் லாய்ட் கணக்கிட்டுக் காட்டினார்.

இக்கருத்தை, 2006ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றிய மக்கானி நிறுவனம் செயற்படுத்த முனைந்தது. அது அமைத்த பெரிய பொறி, 26 மீட்டர் நீளச் சிறகும் எட்டுச் சுழலிகளும் கொண்டது. 600 கிலோவாட் மின்சாரம் தருமாறு வகுக்கப்பெற்றது. அது இயங்கும் முறை வருமாறு:

1. சுழலிகள் மின்சாரத்தால் சுழன்று பொறியை மேலே தூக்கும்.

2. கயிறு நீண்டதும், பொறி காற்றுக்குக் குறுக்கே பெரிய வட்டமிட்டுப் பறக்கும்.

3. எதிர்ப்படும் காற்று சுழலிகளைச் சுழற்ற, மின்சாரம் பிறந்து கயிற்றினுள் உள்ள கம்பி வழியே கீழே வரும்.

இப்பொறி 2019ஆம் ஆண்டில் நார்வே நாட்டுக் கடலில் பறக்கவிடப்பட்டது. எனினும், வணிக முறையில் நிலைபெற நெடுங்காலம் ஆகுமெனக் கருதப்பட்டதால், 2020ஆம் ஆண்டில் அம்முயற்சி நிறுத்தப்பட்டது.

காரணம் யாது? காற்று ஓய்ந்தாலும் கருவி பழுதுற்றாலும் கோபுரக் காற்றாலை நின்ற இடத்திலேயே நிற்கும். கயிற்றில் பறப்பதையோ உடனே பத்திரமாக இறக்க வேண்டும், இன்றேல் விழுந்துவிடும். மின்னலையும் வானூர்திப் போக்குவரத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மங்கு நிறைந்ததைக் கொண்டு நாம் மரத்தை மதிப்பிடுவதில்லை. ஆண்டு முழுவதும் தரும் பாலைக் கொண்டே மதிப்பிடுகின்றோம். புதிய பொறிக்கும் அதுவே அளவுகோல். எவ்வளவு மின்சாரம் தரும் என்பதோடு, எத்தனை நாள் பழுதின்றித் தரும் என்பதையும் கேட்டல் வேண்டும்.

எனினும், அவ்வுழைப்பு வீணாகவில்லை. மக்கானி தன் ஆய்வேடுகளை யாவரும் படிக்குமாறு வெளியிட்டது. பிற நாடுகளிலும் இம்முயற்சி தொடர்கின்றது. நம் பிள்ளைகள் பட்டம் விடும்போது, கயிற்றை இழுக்கும் விசையிலும் மின்சாரம் மறைந்துள்ளதை அவர்களுக்கு எடுத்துக் கூறுவோமாக.

பயிற்சி வினாக்கள்:

1. தரையோரக் காற்றின் வேகம் குறைவது ஏன்?

2. கோபுரக் காற்றாலைக்கும் பறக்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடு யாது?