அயல்நாட்டாருக்குத் தத்துக் கொடுத்தல்: கிராமத்தில் தொடங்கும் கடமை

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூர் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில், முற்காலத்தில் சமவெளி மாவட்டங்களிலிருந்து குடியேறியோரின் சந்ததியாரும், அண்மையில் அஸ்ஸாம், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் வாழ்கின்றனர். இத்தகைய ஓரிடத்தில், தாயை இழந்த கைக்குழந்தை ஒன்றையோ, தேயிலைச் செடியோரம் விடப்பட்ட சிசு ஒன்றையோ எண்ணிப் பார்ப்போம். "பிள்ளைப் பேறில்லாத வெளிநாட்டுத் தம்பதிகள் இருக்கிறார்கள், குழந்தை சௌக்கியமாக வளரும், முத்திரைத் தாளில் ஒரு கையெழுத்துப் போதும்" என்று எவரேனும் வந்து சொல்வாராயின், கேட்போர் நல்லெண்ணத்தினாலேயே இணங்கிவிடக்கூடும். அவ்வாறு இணங்குதல் குற்றமாகும். நேரான வழி எது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம். வால்பாறை நகராட்சியாயினும், அடிவாரத்து ஆனைமலை ஒன்றியத்தின் ஊராட்சிகளுக்கும் மற்றெல்லாக் கிராமங்களுக்கும் சட்டம் ஒன்றே.

இந்நாட்டில் அயல்நாட்டுத் தத்துக்கு ஒழுங்குமுறை பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். லட்சுமிகாந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, உச்ச நீதிமன்றம் 1984இல் விரிவான விதிகளை வகுத்தது. அவ்வழியில் 1990இல் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் தோன்றியது. நாடுகளுக்கிடையிலான தத்துக்கென 1993இல் உருவான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. இப்போது நடைமுறையில் உள்ளது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சித் தலைவருக்கு மாற்றப்பட்டுள்ளது.

இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று சிலர் வினவலாம். சென்னையில் ஏழை மக்களின் குழந்தைகள் திருடப்பட்டு, பொய்ச் சான்றுகளுடன் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குத் தத்துப் பிள்ளைகளாக அனுப்பப்பட்ட செய்தி 2005இல் வெளிப்பட்டது. அங்கு அவர்களை வளர்த்தவர்கள் வஞ்சகரல்லர். கையில் முத்திரையிட்ட காகிதங்களைப் பெற்றே குழந்தையை ஏற்றவர்கள். பிழை நேர்ந்தது முதற்படியில். குழந்தை எவ்வாறு கிடைத்தது என்று எழுதிய முதல் தாள் பொய்யானால், அதன்மேல் விழும் முத்திரைகள் யாவும் பொய்க்கு இடப்பட்ட முத்திரைகளே. அந்த முதல் தாள் டெல்லியிலோ வெளிநாட்டுத் தூதரகத்திலோ எழுதப்படுவதன்று. குழந்தை கிடைத்த கிராமத்தில், கண்டவர் வாய்ச்சொல்லைக் கொண்டே அது எழுதப்படுகிறது. ஆதலால் இவ்விஷயத்தில் பஞ்சாயத்து அங்கத்தினரின் பொறுப்பு மிகப் பெரிது.

கேட்பாரற்ற குழந்தையைக் கண்டவர் யாராயினும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் தகவல் தருதல் கட்டாயமாகும். 1098 என்ற தொலைபேசி எண், காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகிய எவற்றிடமும் கூறலாம். கூறாது மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தை நோயுற்றிருப்பின் முதலில் மருத்துவமனைக்கே கொண்டு செல்ல வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! குழு கூடாத நாளாயின் அதன் உறுப்பினர் ஒருவர் முன் ஒப்படைக்கவும் வழியுண்டு.

அதன்பின் குழந்தையின் விவரமும் படமும் நாளிதழில் வெளியாகும், பெற்றோரைத் தேடுவர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்டதற்கு நான்கு மாதமும் கெடு. எவரும் வாராவிடில், குழுவின் மூன்று உறுப்பினர்களேனும் சேர்ந்தே அக்குழந்தையைத் தத்துக்குத் தகுதியுடையதென அறிவிக்க முடியும்.

பெற்றவளே மனமுவந்து ஒப்படைக்க வந்தாலோ, குழுவின் முன் நேரில் ஒப்படைப்புப் பத்திரம் எழுத வேண்டும். எழுதிய பின்னும் மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. இந்த அவகாசத்தை ஏழைத் தாய்மார் பெரும்பாலும் அறியார். வறுமை ஒன்றே காரணமாயின் அவளைக் குழந்தையிடமிருந்து பிரிக்க அவசரப்படலாகாது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கிடைக்கிறது. வால்பாறைத் தோட்டங்களில் பிற மாநிலத்துப் பெண்ணொருத்தி இந்நிலையில் இருப்பின், அவள் மொழியறிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள். தமிழில் எழுதியதைப் புரியாது கைரேகை வைப்பது சம்மதமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

தகுதி அறிவிக்கப்பட்ட குழந்தைக்கு முதலில் உள்நாட்டுப் பெற்றோரையே தேடுவர்; வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் உள்நாட்டாரோடு சமமாகவே கருதப்படுவர். 60 நாட்களில் இவர்களுள் எவரும் அமையாத பின்னரே வேற்று நாட்டவருக்கு வாய்ப்பு. உடற்குறை அல்லது மனக்குறை உடையோர், பிரிக்கக் கூடாத உடன்பிறந்தார், ஐந்து வயது கடந்தோர் ஆகியோருக்கு இதில் முன்னுரிமை தரலாம். தத்து நாடும் அயல்நாட்டார் நேரே நம் ஊருக்கு வந்து குழந்தையைத் தெரிந்தெடுக்க முடியாது. தம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் மனுச் செய்து, இல்ல ஆய்வு முடிந்து, அந்த அறிக்கை மத்திய ஆணையத்தை அடைய வேண்டும். ஆணையத்தின் ஆட்சேபமின்மைச் சான்றும் ஆட்சித் தலைவரின் ஆணையும் கிடைத்த பின்னரே கடவுச்சீட்டு. சென்ற பின்னும் இரண்டாண்டுகள் வரை குழந்தையின் நலம் குறித்து அறிக்கைகள் வந்தாக வேண்டும்.

நம் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்றுண்டு. அமெரிக்காவிலோ மலேசியாவிலோ இருக்கும் சித்தப்பா, அத்தை, தாய்மாமன் ஆகியோர் அண்ணன் பிள்ளையையோ அக்காள் பிள்ளையையோ தத்தெடுக்க விரும்பினால், உறவுதானே என்று ஒரு பத்திரம் பதிவு செய்து அனுப்பிவிடலாமா? கூடாது. இவர்களுக்கும் ஆட்சித் தலைவரின் ஆணையும் மத்திய ஆணையத்தின் சான்றும் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலிலேயே விசாரித்தால் வீண் அலைச்சல் மிஞ்சும்.

முறை தவறித் தத்துக் கொடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும் ஆகும். "செலவுக்கு" என்று தாயின் கையில் தரும் பணமும் விலையே.

பல ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, தாயைத் தேடி இந்நாட்டுக்கு வருகின்றனர். பதினெட்டு வயது நிரம்பியவர் தம் பிறப்பு வரலாற்றைக் கேட்டு ஆணையத்திடமோ தத்து நிறுவனத்திடமோ தாமே மனுச் செய்யலாம். பிறர் அவர் பொருட்டுத் தேடுதல் கூடாது. அப்போது அவர் முன் விரிக்கப்படும் கோப்பின் முதல் பக்கத்தில், எந்தத் தோட்டத்தில், எந்த நாள், எந்த வேளையில், யார் கண்டார் என்ற சில வரிகளே இருக்கும். ஆதலால் குழந்தையுடன் கிடைத்த துணி, இடுப்புக் கயிறு, சீட்டு எதையும் அழுக்கென்று எறியாமல், கண்ட இடத்தையும் நேரத்தையும் உள்ளபடி எழுதிச் சேர்த்தே ஒப்படையுங்கள்.